நெல்லைச் சீமைக்கு ஒரு மீன் காட்சியகம்: எந்த மீனை வைப்பது?

திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு மீனைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாளைக்கு எவ்வளவு புளி கரைப்பது, ஊளியைப் பொரிப்பதா குழம்பு வைப்பதா, செவுளைத் தூக்கிப் பார்த்து இது இன்றைய மீனா நேற்றைய மீனா என்று சொல்வது, எல்லாம் வீட்டுக்கு வீடு தெரியும். ஆனால் அந்தச் சாளை உயிரோடு இருக்கும்போது எப்படிக் கூட்டமாகத் திரும்புகிறது, கணவாய் எப்படி இரையைப் பிடிக்கிறது என்று பார்த்தவர்கள் கடலுக்குள் போகிறவர்கள் மட்டும்தான். பாளையங்கோட்டையில் இருந்து கடல் ஒரு மணி நேரத் தூரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் நாம் கடலைப் பார்க்கலாம், கடலில் கால் நனைக்கலாம். கடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

நம் கடலை, அதில் வாழ்கிறவற்றை மட்டும் காட்டும் ஒரு பொதுக் காட்சியகம் இந்தச் சீமைக்கு வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆசையைச் சொல்வது எளிது. அதில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது என்று யோசிக்க ஆரம்பித்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் ஊர் ஊராக வரும் பொருட்காட்சிகளில் இப்போது கண்ணாடிச் சுரங்கப் பாதை அமைத்து மீன் காட்டுகிறார்கள். தலைக்கு மேல் மீன் நீந்துகிறது, பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கின்றன. அப்படி ஒன்றுக்கு, கடற்கரை ஊரான உவரியில் பிறந்து வளர்ந்த என் அத்தையையும் கூட்டிப் போயிருந்தேன். அமேசான் ஆற்று அரபைமா, ஜப்பான்காரர்கள் வளர்த்தெடுத்த கோய் கெண்டை, மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கிய ஃபிளவர்ஹார்ன், அமெரிக்க முதலைமூக்கு மீன் என்று வரிசையாக இருந்தது. எல்லாமே நன்னீர் மீன்கள். அத்தை பாதி தூரத்திலேயே நின்றுவிட்டார். "இதுல ஒண்ணு கூட நம்ம மீன் இல்லையே மருமவனே" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே தேடியிருக்கிறார்.

கடல்நீரை விட நன்னீர்த் தொட்டியைப் பராமரிப்பது சுலபம், வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவதும் சுலபம். பொருட்காட்சிக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் ஒரு பிள்ளை அரபைமாவைத் தெரிந்துகொண்டு, தன் வீட்டுச் சட்டியில் வேகும் விளமீன் உயிரோடு என்ன நிறம் என்று தெரியாமல் வளர்வது எனக்குப் பொறுக்கவில்லை. போதாக்குறைக்கு, இப்படி ஆசையாக வாங்கிய வெளிநாட்டு மீன்கள் பெரிதாகிவிட்டால் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் தென் அமெரிக்க சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு மீன் காட்சியகம் புதிதல்ல. சென்னை மெரினாவில் 1909-லேயே ஒன்று திறந்தார்கள். அதற்கு முன்னின்றவர் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன். அதற்கு இருபது வருடம் முன்பே தூத்துக்குடிக்கு வந்து, முத்துப் படுகைகளையும் சங்குக் குளிப்பையும் மன்னார் வளைகுடா உயிரினங்களையும் ஆராய்ந்து எழுதியவர் அவர். சென்னைக்கே முதல் மீன் காட்சியகத்தைக் கொண்டுவந்த மனிதர் கடலைப் படித்த இடங்களில் ஒன்று நம் கரை. அந்தக் கரையில் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பது அதிகப்படி இல்லை.

ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகம் இருக்கிறது. 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் நெடுங்காலம் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பனைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள், அங்கே இறங்குவதில்லை. இறங்கிப் பாருங்கள். ஆடம்பரமான கட்டடத்தை எதிர்பார்க்க வேண்டாம். நம் கடலைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்க்கலாம், அது போதும்.

சரி, நம் கடல் எது? 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை வேம்பார் தொடங்கித் தெற்கே கூட்டப்புளி வரை எல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டம். மேலே மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த, அலை அடங்கிய தண்ணீர். கீழே போகப்போக உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று அலை ஓங்கி அடிக்கும் திறந்த கடல். வளைகுடாவில் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-இல் அதைச் சுற்றிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தூத்துக்குடிக்கு நேர் எதிரே இருப்பவை வான் தீவு, காசுவார், காரியாசல்லி, விலாங்குசல்லி. இதில் விலாங்குசல்லி இப்போது தண்ணீருக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் என்று பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் தீவும் கரைந்து போனது. வான் தீவும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. 2015-லிருந்து அதன் கடல் பக்கத்தில் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு இருக்கும் கடலுக்குக் காட்சியகம் என்றதும் எல்லோரும் கேட்பது பவளம், கடல் குதிரை, கடல் அட்டை, ஆமை. இதில்தான் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. இவை எதுவும் வேண்டாம்.

முதல் காரணம் சட்டம். பவளங்கள், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. கடல் ஆமைக்கும் ஆவுளியா என்கிற கடல் பசுவுக்கும் அதற்கு முன்பே அந்தக் காவல் உண்டு. புலிக்கு உள்ள பாதுகாப்பு கடல் அட்டைக்கும் உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. அந்தத் தடையால் பிழைப்பு போனவர்கள் நம் கரையில் ஏராளம். மீனவர் தொட்டால் சிறை என்றிருக்கும் பிராணியைக் குளிர்சாதன அறையில் டிக்கெட் போட்டுக் காட்டினால், அவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் எந்த மனதோடு வருவார்கள்?

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். பவளம் தண்ணீர் சற்றே கூடுதலாகச் சூடானாலே வெளுத்துவிடும். 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடாவே வெளுத்த ஆண்டுகள் உண்டு. கடலிலேயே பிழைக்கத் தவிப்பதை நம் ஊர் வெயிலில், நம் ஊர் மின்சாரத்தை நம்பித் தொட்டியில் வைக்கக் கூடாது. கடல் குதிரைக்கு உயிருள்ள இரையாகப் பொடிப்பொடியாக, நாளுக்குப் பலமுறை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் எதை வைப்பது? மீன் சந்தையில் கிடப்பதை வையுங்கள் என்கிறேன். தினமும் ஏலம் போகிற சாதாரண மீன், சிப்பி, கணவாய். சாதாரணம் என்று நாம் நினைக்கிறவற்றின் வாழ்க்கையைச் சொன்னால் அதில் ஒன்று கூடச் சாதாரணம் இல்லை.

சங்கிலிருந்து தொடங்குகிறேன். பூசையறையில் நாம் பார்க்கும் வெள்ளைச் சங்கு, கடலில் வெள்ளையாக இருப்பதில்லை. உயிருள்ள சங்கின் மேல் பழுப்பு நிறத்தில் வெல்வெட் போன்ற தோல் போர்த்தியிருக்கும். கடலடி மணலோடு மணலாகத் தெரியும். உள்ளே இருக்கும் பிராணி தடித்த தசைக் காலை வெளியே நீட்டி மெதுவாக மணலை உழுதுகொண்டு போய், புழுக்களைத் தேடித் தின்னும். அதன் முட்டைக் கூட்டைப் பார்த்தவர்கள் குறைவு. முறுக்கிய ஆட்டுக் கொம்பு போல, அடுக்கு அடுக்காக அறைகள் வைத்து, அடிப்பகுதி மணலில் ஊன்றி நிற்கும். சங்குக் குளிகாரர்கள் அதைச் சங்குப்பூ என்பார்கள். ஒவ்வொரு அறைக்குள்ளும் குஞ்சுச் சங்குகள் முழு உருவம் பெற்றுத்தான் வெளியே வரும். வலம்புரி தேடி ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிற நாம், ஓர் இடம்புரிச் சங்கு நகர்வதைப் பார்த்ததில்லை. மணல் பரப்பிய ஆழம் குறைந்த நீளத் தொட்டி ஒன்று, அதில் பத்துப் பன்னிரண்டு சங்குகள். அதன் முன்னால் உட்கார ஒரு பெஞ்சு கட்டாயம் வேண்டும். சங்கைப் பார்க்க அவசரப்படக் கூடாது.

அடுத்தது முத்துச்சிப்பி. கொற்கை என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் இல்லை. ஏரல் பக்கம் போனால் அந்த ஊரைப் பார்க்கலாம். தாமிரபரணி கொட்டிய மண்ணால் கடல் பின்வாங்கி, துறைமுகம் இன்று வயல்வெளிக்கு நடுவில் நிற்கிறது. அந்த முத்து எங்கே விளைந்தது என்று கேட்டால் கடல் என்போம். கடலில் எல்லா இடத்திலும் விளைவதில்லை. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத் தட்டுகள் உண்டு. அவற்றைப் பார் என்று சொல்வார்கள். சிப்பிக் குஞ்சு அதில் நார் போன்ற இழைகளை விட்டு ஒட்டிக்கொண்டு வளரும். ஒரு வருடம் பார் முழுக்கச் சிப்பி இருக்கும், அடுத்த வருடம் துடைத்துவைத்தது போல இருக்கும். திருக்கையும் பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) தின்றது பாதி, மணல் மூடியது பாதி. இப்படி வந்தும் வராமலும் போக்குக் காட்டிய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் மணியை வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளையே ஆய்வகத்தில் பொரிக்க வைத்தார்கள். உலகம் ஜப்பானைப் பார்த்துக்கொண்டிருந்த விஷயத்தில் நம் ஊர் செய்த காரியம் இது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சிப்பித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களில் நுண்பாசி கலந்த பச்சைத் தண்ணீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் உயிருள்ள சிப்பிகளைப் போட வேண்டும். காட்சியகத்தைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் சிப்பி இருக்கும் பாத்திரம் தெளிந்திருக்கும். சிப்பி வாய் திறந்து தண்ணீரை உறிஞ்சி, பாசியை வடிகட்டித் தின்றுவிட்டு, தண்ணீரை வெளியே விடுகிறது. கடல் தன்னைத் தானே எப்படிச் சுத்தம் செய்துகொள்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவதை விட இது புரியும்.

கணவாய்க்குத் தனித் தொட்டி. ஓட்டுக்கணவாயின் ஓடு நம் கரைகளில் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும், நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பதும் அதுதான். அந்த ஓட்டுக்குள் நுண்ணிய அறைகள் இருக்கின்றன. அவற்றில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மேலே எழும்பும், கீழே இறங்கும். அதற்கு மூன்று இதயங்கள், ரத்தம் நீலச் சாயல். தோலில் நிறப்பைகளைச் சுருக்கி விரித்துக் கண் இமைக்கும் நேரத்தில் நிறம் மாறும். சந்தையில் அது வெளிறிக் கிடக்கும் நிறம், உயிரோடு அது காட்டும் நிறங்களில் எதிலும் சேர்த்தி இல்லை. அதிகம் போனால் ஒன்றிரண்டு வருடம்தான் அதன் ஆயுள். ஆகவே அடிக்கடி மாற்ற வேண்டிவரும், பார்க்க வருகிறவர்களிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். களவா பெண்ணாக வளர்ந்து, பெரிதான பின் ஆணாக மாறும். கொடுவா நேர் எதிர், ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும். இரண்டையும் அடுத்தடுத்த தொட்டிகளில் வைத்தால் போதும், விளக்கம் தானாக நடக்கும். விலாங்கு போல நீண்ட அஞ்சாலை மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவது கடிக்க அல்ல, மூச்சு விட. ஓராவின் முதுகு முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று வலை பிரித்தவர்களைக் கேளுங்கள். ஆனால் அதே ஓரா கூட்டமாகப் பாசி மேய்வது அவ்வளவு சாதுவான காட்சி. பேத்தையை வலையிலிருந்து எடுத்து எறிவார்கள், அதற்கும் ஓர் இடம் கொடுக்கலாம். கல் இறால் பகலில் பொந்தை விட்டு வராது, அந்த அறையில் விளக்கு மங்கலாக இருக்க வேண்டும்.

நெல்லைச் சீமைக் காட்சியகம் கடலில் தொடங்கக் கூடாது என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆற்றில் தொடங்க வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணி பழைய திருநெல்வேலி மாவட்டத்தை விட்டு வெளியே போகவே இல்லை. அந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கிய ஒரு கெண்டை உண்டு. 1954-இல் அதை விவரித்தவர் இ. ஜி. சைலஸ். பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கே இயக்குநராக இருந்தவர். ஆற்றையும் கடலையும் அந்த மனிதர் தனித்தனியாகப் பார்க்கவில்லை, நாமும் பார்க்க வேண்டாம். முதல் அறையில் அந்தக் கெண்டையும் ஆரலும் அயிரையும். நடு அறையில் புன்னைக்காயல் முகத்துவாரம்: அலையாத்தி வேர்களுக்கு நடுவே மடவை, இறால், சேற்று நண்டு. அங்கே தண்ணீர் அரை உப்பு. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகி வந்தால் உப்பு குறையும், கோடையில் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிறவை மட்டும் அங்கே வாழும். அதன் பிறகே கடல் அறை. அணைகளில் தண்ணீரைத் தேக்கி, நகரத்துச் சாக்கடையை ஆற்றில் விட்டால் அது எங்கே போய் முட்டுகிறது என்பதை இந்த மூன்று அறைகளும் வரிசையாகக் காட்டிவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மீன் காட்சியகம் நடத்துவது என்றால் தண்ணீரை நடத்துவதுதான். உப்பு விளையும் ஊரில் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. உப்பளத்தில் உப்பு படிந்த பிறகு கசப்பாக ஒரு தண்ணீர் மிஞ்சுகிறதே, மக்னீசியமும் பொட்டாசியமும் அதில்தான் நின்றுவிடுகின்றன. மீனுக்கு அவையும் வேண்டும். அடுத்தது அழுக்கு. மீன் செவுள் வழியாகவும் கழிவிலும் அம்மோனியாவை வெளியேற்றும், மூடிய தொட்டியில் அதுவே அதற்கு நஞ்சு. வடிகட்டியின் கற்களில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டு குடும்பமும் தொட்டியில் காலூன்ற ஒரு மாதமாவது ஆகும், கூடவும் ஆகலாம். அது வரை நிறைய மீன் விடக் கூடாது. நம் நாட்டில் திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையைத் தொடங்கும் பழக்கம் உண்டு. மீன் தொட்டியில் அது நடந்தால் சாவது மீன். காற்று ஊதும் இயந்திரம் சில மணி நேரம் நின்றாலும் அதே கதைதான், அதனால் கட்டடத்துக்கு முகப்பு வளைவு கட்டும் பணத்தில் முதலில் இரண்டு ஜெனரேட்டர் வாங்க வேண்டும்.

விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலைக்கு நான் நினைப்பது தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சங்குக் குளிகாரர்களை. முன்பு மூச்சை அடக்கி இறங்கியவர்கள், இப்போது படகில் கம்ப்ரசரை வைத்துக் குழாய் வழியாகக் காற்று வாங்கி இறங்குகிறார்கள். அதில் காது போனவர்கள் உண்டு, ஏறும் வேகம் தப்பிக் கைகால் விழுந்தவர்கள் உண்டு. எந்தக் காற்று அடித்தால் தண்ணீர் கலங்கும், எந்த நீவாட்டில் (கடல் நீரோட்டத்தில்) எந்தப் பாரில் இறங்கலாம் என்ற கணக்கு அவர்கள் தலைக்குள் இருக்கிறது. வயதாகி இறங்க முடியாமல் போனவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, சங்குத் தொட்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே சொல்லட்டும்.

எங்கே கட்டுவது? திருநெல்வேலி நகரத்தில் வேண்டும் என்றுதான் என் நண்பர்கள் சொல்கிறார்கள். கடல்நீரை லாரியில் ஏற்றி ஐம்பது கிலோமீட்டர் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டிருக்க முடியாது. தூத்துக்குடியில் துறைமுகமும் ஆலைகளும் இருக்கும் பக்கத்தில் நீர் எடுக்க எனக்கு மனமில்லை. நான் சொல்வது திருச்செந்தூர். கரையில் கிணறு தோண்டினால் மணலே முதல் வடிகட்டியாக நின்று கலங்கலைப் பிடித்துக்கொள்ளும். புன்னைக்காயல் பக்கம், மணப்பாடும் பக்கம். எல்லாவற்றுக்கும் மேல், கோயிலுக்குத் தென்காசியிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறார்கள். மீன் பார்ப்பதற்கென்று யாரும் தனியாகச் செலவு செய்து பஸ் ஏற வேண்டாம். சாமி கும்பிட்டுவிட்டு, கடலில் குளித்துவிட்டு, ஊர் திரும்பும் முன் ஒரு மணி நேரம் உள்ளே போய்வரலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிக்கெட் கூடாது. இரவு எட்டரை வரையாவது திறந்திருக்க வேண்டும், கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் வரட்டும்.